ராத்திரி தோசைக்குத் தக்காளித் தொக்கு: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

மாவு இருக்கிறது, சட்னிக்குத் தேங்காய் இல்லை, மணி எட்டாகப் போகிறது. அப்படிப்பட்ட இரவுகளுக்கானது இந்தத் தொக்கு. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து 25 நிமிட வேலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாணலியைப் படம் பிடித்து அனுப்பி, "சித்தி, இது ஏன் இப்படி இருக்கு?" என்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். பதில்களும் அவையேதான், ஆகவே எழுதி வைத்துவிட்டேன். உங்கள் வாணலியில் என்ன குறையோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எந்தக் குறையானாலும் முதலில் தீயையும் பாத்திரத்தையும் பாருங்கள். சர்க்கரை டப்பாவைத் திறப்பது அதற்கு அப்புறம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு

பழுத்த தக்காளி அரை கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல், நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன். தாளிக்கக் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் இரண்டு சிட்டிகை.

தாளித்து, வெங்காயமும் பூண்டும் நன்றாக வதங்கியபின் தக்காளி, உப்பு, மஞ்சள்தூள். ஐந்து நிமிடம் மூடி வைத்துக் குழைய விட்டு, மூடியை எடுத்து மசித்து, மிளகாய்த்தூள் போட்டு, திறந்தே வைத்துச் சுண்டவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம். கீழே வரும் குறைகளில் பாதி, வரிசை மாறியதால் வருபவை.

தண்ணியாகவே நிற்கிறது

முதலில் சோதனை. வாணலியின் நடுவே கரண்டியால் அடி தெரிய ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே நின்று, மெதுவாகச் சரிந்து மூடினால் தொக்கு ஆகிவிட்டது. கோடு போட்ட உடனே நீர் ஓடி வந்து மூடிக்கொண்டால் இன்னும் ஆகவில்லை.

*மூடி போட்டிருக்கிறதா?* எடுத்துவிடுங்கள். தக்காளியில் பெரும்பங்கு தண்ணீர்தான், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு போல. அது ஆவியாகி வெளியே போக வழி வேண்டும். தெறிக்கிறதே என்று மூடி வைத்தால், மேலே போன ஆவி திரும்பவும் சொட்டுச் சொட்டாக உள்ளேதான் விழும்.

*தீ சிம்மில் இருக்கிறதா?* தக்காளி குழையும் வரைதான் சிறு தீ. மசித்தபின் நடுத்தரத் தீக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துக் கிளறலாம். சிம்மிலேயே விட்டால் அரை மணி ஆனாலும் குளம் போலத்தான் நிற்கும்.

*பாத்திரம் குறுகலா?* படங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பால் காய்ச்சும் பாத்திரத்திலோ சின்னக் குக்கரிலோ அரை கிலோ தக்காளி. அடியிலிருந்து மேல்வரை ஒரு சாண் ஆழம் இருந்தால் எப்படிச் சுண்டும்? அகலமான வாணலிக்கு மாற்றுங்கள். தொக்கின் ஆழம் இரண்டு விரல் அகலத்தைத் தாண்டக்கூடாது. மாற்றிய ஏழெட்டு நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். அகலமான பாத்திரம் ஒன்றுகூட இல்லையென்றால் பாதியை எடுத்துத் தோசைக்கல்லில் ஊற்றிச் சுண்டவிடலாம். இரும்புக்கல் வேண்டாம், நான்-ஸ்டிக் கல்லில்.

*தக்காளியே அப்படியா?* நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம், ருசியும் அதிகம், நேரமும் பிடிக்கும். பெங்களூர்த் தக்காளி என்று விற்கும் நீளவாக்குக் காய் சதைப்பற்றுள்ளது, சீக்கிரம் கெட்டியாகும், புளிப்பு குறைவு. நான் வாங்குவது நாட்டுத் தக்காளி இரண்டு பங்கு, பெங்களூர் ஒரு பங்கு. முழுக்க நாட்டுத் தக்காளியாக இருந்தால், நறுக்கும்போது பலகையில் வழியும் சாற்றையும் விதையையும் கிண்ணத்தில் தனியே எடுத்து வையுங்கள். மறுநாள் ரசத்துக்கு ஆயிற்று.

*தோசை கல்லில் இருக்கிறது, நேரமே இல்லையா?* பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்து ஒரு டீஸ்பூன் தூவிக் கிளறுங்கள். இரண்டு நிமிடத்தில் இறுகும். ருசி கொஞ்சம் மந்தமாகும், கார்ன் மாவு கொடுக்கும் வழவழப்புக்கு இது எவ்வளவோ மேல்.

புளிப்பு தாங்கவில்லை

புளிப்போடு பச்சை வாசனையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது புளிப்புப் பிரச்சினையே இல்லை, வேகவில்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

நன்றாகச் சுண்டிவிட்டது, ஆனாலும் பல் கூசுகிறது என்றால், முதலில் உப்பு. கால் டீஸ்பூனிலும் பாதி போட்டுக் கலந்து, ஒரு துளி ஆறவைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு குறைந்த தொக்கில் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பல நாள் இதோடு முடிந்துவிடும்.

அதற்கும் அடங்கவில்லையென்றால் சுண்டைக்காய் அளவு வெல்லம். இனிப்பு தெரியும் அளவுக்குப் போடாதீர்கள். அப்புறம் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயைச் சுடவைத்து மேலே ஊற்றினால் புளிப்பு இன்னும் கொஞ்சம் மழுங்கும்.

இத்தனைக்கும் மசியாத புளிப்பு என்றால், தக்காளி காயாக இருந்திருக்கும். வெளியே சிவந்து, வெட்டினால் நடுவில் வெள்ளையாகக் கட்டை பாய்ந்திருக்கும் பழம். அப்போது ஆப்பசோடா, இரண்டு விரலால் கிள்ளும் ஒரு சிட்டிகை. போட்டதும் நுரைத்துப் பொங்கும், பயப்பட வேண்டாம், அடங்கியதும் ருசி பாருங்கள். வெல்லம் புளிப்பை மறைக்கும், சோடா புளிப்பையே குறைக்கும். ஆனால் அதிகமானால் சோப்புத் தண்ணீர் ருசி வந்துவிடும், அதற்கு மாற்று கிடையாது. இரண்டாவது சிட்டிகை போடத் தோன்றினால் அந்தத் தொக்கில் இன்னொரு வெங்காயத்தை வதக்கிச் சேர்ப்பது நல்லது.

கெட்சப் ஊற்றலாமா என்று கேட்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு பண்ணை பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற நாட்களில், இரண்டு தக்காளியும் மீதி கெட்சப்புமாகத் தொக்கு பண்ணியவர்கள் உண்டு. கெட்சப்பில் வினிகரும் சர்க்கரையும் இருக்கிறது. புளிப்பைக் குறைக்கப் போய் வேறொரு புளிப்பையும், பேக்கரி பப்ஸ் வாசனையையும் ஏற்றுவீர்கள். நான் ஊற்றமாட்டேன்.

பச்சை வாசனை போகவில்லை

எந்தப் பச்சை வாசனை என்பதைப் பொறுத்தது.

*தக்காளி வாசனை.* பச்சையாக மிக்ஸியில் அரைத்து ஊற்றினால் இப்படித்தான். இளஞ்சிவப்பாக நுரை கட்டிக்கொண்டு, கொதித்தாலும் சட்டென்று நிறம் மாறாது. நுரை முழுக்க அடங்கி, நிறம் செங்கல் போல ஆழமாகும் வரை விடாமல் கிளறுங்கள், வேறு வழியில்லை. அவசரத்துக்கு அரைக்கிறோம் என்று அரைத்தவர்கள் நறுக்கிப் போட்டவர்களைவிட அதிக நேரம் அடுப்பு முன்னால் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

*மிளகாய்த்தூள் வாசனை.* இறக்கப் போகும்போது தூள் போட்டிருப்பீர்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

*பூண்டு வாசனை.* பல் பெரிதாக இருந்து உள்ளே வேகவில்லை. கரண்டியால் ஒன்றை அழுத்திப் பாருங்கள். நசுங்காவிட்டால் எல்லாவற்றையும் பொறுக்கி, நசுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தனியாக வதக்கித் திரும்பப் போடுங்கள்.

வெங்காயம் நறுக்நறுக்கென்று கடிபடுகிறது

வெங்காயம் கண்ணாடி போல ஆவதற்கு முன்பே தக்காளியைக் கொட்டியாயிற்று. தக்காளியின் புளிப்பு ஏறியபின் வெங்காயம் எளிதில் குழையாது, எவ்வளவு கொதித்தாலும் அப்படியேதான் நிற்கும். இன்றைக்குச் சரிசெய்ய, பாதியை எடுத்து ஆறவைத்து மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று சுற்றிக் கலந்துவிடுங்கள். நாளைக்கு, வெங்காயம் போட்டவுடன் உப்பில் பாதியை அதிலேயே தூவி வதக்குங்கள்.

தக்காளித் தோல் சுருண்டு பல்லில் மாட்டுவதும் இதே இனம்தான். முள்கரண்டியால் பொறுக்கலாம். அடுத்த முறை தக்காளியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கேரட் துருவியில் தேய்த்துப் பாருங்கள். சதை எல்லாம் கீழே விழுந்து தோல் மட்டும் கையில் நிற்கும்.

எண்ணெய் பிரியவே இல்லை

சமையல் வீடியோக்களில் ஓரமெல்லாம் எண்ணெய் மினுமினுக்கும். உங்களுடையதில் இல்லை. எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள்? அரை கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பிரிய அங்கே எண்ணெயே கிடையாது. வாணலியின் நடுவே கரண்டியால் இழுத்த கோடு உடனே மூடாமல் நின்றால் போதும், இறக்குங்கள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு ஸ்பூனும் ஊற்றி, பிரியவில்லையென்றால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஓசையைக் கேளுங்கள். "பொளக் பொளக்" என்று பெரிய குமிழியாக வெடித்தால் நீர் மிச்சம். "சர்ர்ர்" என்று சன்னமாகப் பொரியும் ஓசைக்கு மாறும்போது ஓரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கும்.

கசக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான குறை, ஏனென்றால் கசப்பைத் திரும்ப எடுக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால் அடுத்த முறையாவது தப்பிக்கலாம்.

வாணலியில் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளிப்புறம் கரும்பழுப்பாக இருந்தால் குற்றவாளி அதுதான். எல்லாப் பல்லையும் பொறுக்கி எடுத்துவிட்டால் பாதி கசப்பு குறையும்.

பூண்டு பொன்னிறம், ஆனால் தொக்கே கறுத்த சிவப்பு, கிளறும்போது இருமல் வந்தது என்றால், மிளகாய்த்தூளைச் சூடான எண்ணெயில் நேரடியாகப் போட்டிருப்பீர்கள். அது ஒரு நொடியில் கருகும். தக்காளியை மசித்தபின்தான் தூள் என்பதை மறக்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்தபின் தொண்டையில் நிற்கும் கசப்பு வெந்தயப் பொடியுடையது. வறுக்கும்போது கறுத்திருக்கும், அல்லது அரை டீஸ்பூன் விழுந்திருக்கும். ஊறுகாய்த் தொக்குக்குப் போடும் அளவு வேறு, இதற்கு இரண்டு சிட்டிகைதான்.

இது எதுவும் இல்லையென்றால், வெங்காயத்தைப் பச்சையாக அரைத்தீர்களா? அந்த விழுதுக்கு ஒரு கசப்பு உண்டு. எண்ணெயில் வெகுநேரம் வதக்கினால்தான் போகும்.

லேசான கசப்பானால் இன்னும் இரண்டு தக்காளியைத் தனியாக வதக்கிச் சேர்த்து, வெல்லம் ஒரு துண்டு போட்டு ஒப்பேற்றலாம். நாக்கின் அடியில் உறைக்கிற கசப்பென்றால் கொட்டிவிடுங்கள். இட்லிப்பொடி எதற்கு இருக்கிறது?

அடிபிடித்துவிட்டது

சுரண்டாதீர்கள். கரண்டியை அடிக்கே கொண்டுபோகாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். கருகல் வாசனை வரவில்லையென்றால் தப்பித்தீர்கள். வந்தால், எதைப் போட்டாலும் போகாது.

பாத்திரத்தின் அடி மெல்லிய எவர்சில்வர் என்றால் தொக்குக்கு ஆகாது, இண்டக்‌ஷன் அடுப்பில் இன்னும் மோசம். கனமான அடி உள்ளதாக ஒன்று வாங்கிவிடுங்கள். கருகிய பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டால் காலையில் மரக்கரண்டிக்கே பெயர்ந்து வரும்.

இரும்பு வாசனை, அல்லது களிம்பு ஏறிய ருசி

இது பாத்திரக் கோளாறு. இரும்பு வாணலியில் தக்காளி வதக்கினால் நிறம் மங்கும், ஆணியை நக்கியது போல ருசி வரும். ஆபத்தில்லை, ஆனால் ஆனவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் இரவு முழுக்க விட்டால் சாப்பிட முடியாது. அலுமினிய வாணலி தொக்கு செய்தபின் உள்ளே பளபளவென்று ஆகிறதா? தேய்த்துக் கழுவியது போலத் தெரியும், அந்தப் பளபளப்பு தக்காளி அரித்தது. எவர்சில்வருக்கு மாறுங்கள்.

பித்தளையோ செம்போ என்றால் விளையாட்டு இல்லை. உள்ளே வெள்ளிபோல ஈயப்பூச்சு முழுதாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ அடி எட்டிப் பார்த்தால் அதில் தக்காளியோ புளியோ எதுவும் சமைக்காதீர்கள். செய்தாகிவிட்டதென்றால் சாப்பிடாதீர்கள். பாத்திரத்தை ஈயம் பூசுகிறவரிடம் கொடுங்கள். தெருவில் வருவது குறைந்துவிட்டது, ஆனால் பழைய பாத்திரக்கடைகளில் கேட்டால் ஆள் சொல்வார்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

உப்பு, காரம் கூடிவிட்டது

உப்புக்கு உருளைக்கிழங்கு போடும் யோசனையை எல்லோரும் சொல்வார்கள். கிழங்கு தன் பங்குக்குக் கொஞ்சம் உப்புநீரைக் குடிக்கும், தொக்கில் மிச்சமிருப்பதன் உப்பு அப்படியேதான் இருக்கும். அளவைக் கூட்டுவதுதான் வழி, உப்பில்லாமல் வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் சேர்ப்பது. காரத்துக்கும் அதுவே, கூடவே நல்லெண்ணெய். தட்டில் தயிர் வைத்துக்கொண்டால் அன்றைய பொழுது போய்விடும்.

பாஸ்தாவுக்குப் பால் ஊற்றினேன், திரிந்துவிட்டது

பிள்ளைகள் இதே தொக்கைத் தாளிப்பு இல்லாமல் செய்து பாஸ்தாவில் கலக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொதிக்கிற தக்காளியில் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரியத்தான் செய்யும். ஆறவைத்து மிக்ஸியில் ஒருமுறை அடித்தால் பார்வைக்குச் சரியாகும். அடுத்த முறை பாலுக்குப் பதில் ஃப்ரெஷ் க்ரீம், அதுவும் அடுப்பை அணைத்தபின். அதுவும் இல்லையென்றால் பாஸ்தா வெந்த தண்ணீர் அரைக் கரண்டியும் வெண்ணெய் ஒரு துண்டும் போதும்.

மறுநாள் எடுத்தால் ஒரு மாதிரி இருக்கிறது

இந்த அவசரத் தொக்கு வருஷக்கணக்கில் ஜாடியில் நிற்கும் ஊறுகாய் இல்லை. ஆறியவுடன் பிரிட்ஜில், ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில், நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டியாக எடுத்து வையுங்கள்.

*மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது:* சுண்டவில்லை. வாணலியில் போட்டு மறுபடி சுடவையுங்கள்.

*எண்ணெய் உறைந்து, மங்கலாகத் தெரிகிறது:* குளிர்தான். ஒன்றும் செய்ய வேண்டாம்.

*வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு போலப் பூத்திருக்கிறது:* மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம். முழுதும் குப்பைக்கு. ஈரக்கரண்டி போட்டது யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

*மூடி உப்பியிருக்கிறது, திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, குமிழி விடுகிறது:* ருசிகூடப் பார்க்காமல் கொட்டுங்கள். தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு நிற்கவில்லையென்றாலோ, பார்வை மங்குகிறது, விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்றாலோ, கஷாயம் வைத்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தெறிக்கிறது, அடுப்பும் சரியாக எரியவில்லை

தெறிப்பதற்கு மூடியைப் பாதி சாய்த்து வைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறினால் போதும். தெறித்தது கையில் பட்டதென்றால் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், மஞ்சளோ பற்பசையோ பூசாதீர்கள்.

தெறித்த தக்காளி பர்னர் துளைகளில் போய் அடைத்துக்கொள்வதுதான் அடுத்த தொல்லை. தீ ஒரு பக்கம் மட்டும் எரியும், நீலத்துக்குப் பதில் மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். அடுப்பு நன்றாக ஆறியபின் பர்னரைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். அதன்பிறகும் மஞ்சள் தீதான் என்றால் உள்ளே ஜெட்டிலோ திருகியிலோ கோளாறு. அதற்குமேல் நீங்கள் கழற்றாதீர்கள், கேஸ் ஏஜென்சியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம் ரப்பர் குழாயின் காலாவதி ஆண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் வாசனையே வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ செய்யாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மிக்ஸிக்கும் ஒரு வார்த்தை. சூடான தொக்கை ஜாரில் போட்டு மூடிச் சுற்றினால் ஆவி மூடியைத் தூக்கி அடித்துவிடும், ஆறவிடுங்கள். பாதியில் நின்றுவிட்டதென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் ஓடும். ஜாரில் இருப்பதைப் பாதியாகக் குறைத்துப் போட்டும் மறுபடி நின்றாலோ, வயர் கருகும் வாசனை வந்தாலோ, ஜாரின் அடியிலிருந்து கறுப்பாகக் கசிந்தாலோ அது ரிப்பேர்க் கடைக்குப் போக வேண்டிய மிக்ஸி. ஜாரில் இருந்த தொக்கிலும் அந்தக் கறுப்பு கலந்திருக்கும், அதை வாணலிக்குத் திருப்பாதீர்கள்.